சேக்காளிப் பட்டாளம்: 1914–1918

இங்கிலாந்தில் ஒரு வகைப் பட்டாளம் இருந்தது. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே ஆலையில் தறி ஓட்டியவர்கள், ஒரே ஆபீசில் கணக்கெழுதியவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று கூட்டமாகப் போய்ப் பெயர் கொடுத்து, சேர்ந்தே கவாத்து பழகி, சேர்ந்தே போர்முனைக்குப் போன பட்டாளம். அவர்கள் அதைப் ‘பால்ஸ்’ பட்டாளம் என்று அழைத்தார்கள். நம் தென்பாண்டிப் பேச்சில் சேக்காளிப் பட்டாளம். 1914 ஆகஸ்டில் பிறந்தது. 1918 பிப்ரவரியில் அதன் பல பிரிவுகள் கலைக்கப்பட்டன. நான்கு வயதுகூட நிரம்பவில்லை.

அது எப்படி மாண்டது என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். முதல் உலகப்போரைப் பற்றி ஒரு புத்தகம் படித்தவருக்கும் சோம் என்ற ஆற்றின் பெயரும் 1916 ஜூலை 1 என்ற தேதியும் தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் பட்டாளம் உயிரோடு இருந்த காலம்தான் முக்கியமாகப் படுகிறது. துப்பாக்கியைத் தொட்டறியாத ஆயிரம் பேர் சிப்பாய்களாக மாறிய அந்த ஒன்றரை ஆண்டுதான் அதன் உண்மையான ஆயுள். அதைச் சொல்லாமல் அதன் சாவை மட்டும் சொல்வது, ஒரு மனிதருக்கு இரங்கல் எழுத உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் படித்துக் காட்டுவதைப் போன்றது.

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. அப்போது அதன் நிரந்தரத் தரைப்படையில் சுமார் இரண்டரை லட்சம் பேர்தான் இருந்தார்கள். அதிலும் ஏறக்குறையப் பாதி இந்தியா முதலான அயல்நாடுகளில் காவல் இருந்தது. எதிரில் நின்ற ஜெர்மனியிலும், தோழமை நாடான பிரான்சிலும் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது. பிரிட்டனில் அந்தக் கட்டாயம் கிடையாது. அங்கே பட்டாளம் என்பது வேலை கிடைக்காதவன் போகும் இடம் என்றே நடுத்தரக் குடும்பங்கள் நினைத்திருந்தன. மறுநாள், ஆகஸ்ட் 5 அன்று, கிச்சனர் போர் அமைச்சரானார். 1902 முதல் 1909 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். கிறிஸ்துமசுக்குள் போர் முடிந்துவிடும் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தபோது, மூன்று ஆண்டுகள் ஆகும், லட்சக்கணக்கில் ஆள் வேண்டும் என்றார். முதல் அழைப்பு ஒரு லட்சம் பேருக்கு. வயது 19 முதல் 30 வரை. ஒப்பந்தம் மூன்று ஆண்டு அல்லது போர் முடியும்வரை. நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம்.

சேக்காளிகளைச் சேர்ந்தே எடுத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை, அப்போது ஆள்சேர்ப்புத் துறையின் தலைவராக இருந்த ஜெனரல் ஹென்றி ராலின்சனிடமிருந்து வந்தது. லண்டன் பங்குச் சந்தைக்காரர்களும் குமாஸ்தாக்களும் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கொட்டகையில் படுக்கத் தயங்குவார்கள். தெரிந்தவர்களோடு என்றால் வருவார்கள் என்பது அவர் கணக்கு. ஆகஸ்ட் முடிவதற்குள் அவர்களுக்கென்றே ஒரு பட்டாளம் அமைந்துவிட்டது. ராலின்சன் என்ற இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யோசனையை ஊர்த்திருவிழா ஆக்கியவர் லார்ட் டெர்பி. ஆகஸ்ட் 28 அன்று லிவர்பூலில் கூடிய ஆபீஸ்காரர்களிடம் அவர் பேசினார்: இது சேக்காளிகளின் பட்டாளமாக இருக்கும், ஒரே ஆபீசில் இருப்பவர்கள் தோளோடு தோள் நிற்கலாம் என்று வாக்குக் கொடுத்தார். மூன்று நாள் கழித்து ஆள்சேர்ப்பு தொடங்கியது. கப்பல் கம்பெனிக் குமாஸ்தாக்கள், பஞ்சு வியாபாரிகளின் கணக்கர்கள், வங்கிக்காரர்கள் எனத் தொழில்வாரியாக வந்து வரிசை கட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று பட்டாளங்களுக்கான ஆள் சேர்ந்துவிட்டது. பிறகு நான்காவதும் வந்தது. டெர்பி குடும்பத்தின் குலச்சின்னம் தொப்பி வில்லையானது.

பிறகு ஊருக்கு ஊர் போட்டி. மான்செஸ்டர் எட்டுப் பட்டாளங்களைத் திரட்டியது. ஹல் துறைமுகம் நான்கைத் திரட்டியது: ஒன்று வணிகக் குமாஸ்தாக்களுக்கு, ஒன்று கைத்தொழிலாளருக்கு, ஒன்று விளையாட்டு வீரருக்கு, கடைசி ஒன்று ‘மற்றவர்கள்’ என்ற பெயரிலேயே மிச்சமிருந்தோருக்கு. கிளாஸ்கோவில் டிராம் வண்டித் தொழிலாளர்கள் ஒரே நாளில் ஒரு பட்டாளமாகத் திரண்டார்கள். கிரிம்ஸ்பியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் கூடி ஆரம்பித்த குழு பட்டாளமாக வளர்ந்தது. ஷெஃபீல்டில் பல்கலைக்கழக மாணவர்களும் வங்கி ஊழியர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்தார்கள். பார்ன்ஸ்லியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். லீட்ஸ், பிராட்ஃபோர்ட், டர்ஹாம் என்று வடக்கு இங்கிலாந்தின் ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு எழுந்தன. செப்டம்பர் 3 அன்று மட்டும் நாடு முழுவதும் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதத்தில் நாலரை லட்சத்துக்கும் மேல். கூட்டத்தைத் தாங்க முடியாமல் உயர வரம்பை 5 அடி 3 அங்குலத்திலிருந்து 5 அடி 6 அங்குலமாக உயர்த்திப் பார்த்தது அரசு.

தேசபக்தி இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆக்ரிங்டனைப் பார்க்க வேண்டும். லங்காஷயரில் நாற்பத்தைந்தாயிரம் பேர் வாழ்ந்த சிறிய பஞ்சாலை ஊர் அது. தனக்கென்று ஒரு பட்டாளம் திரட்டிய ஊர்களில் மிகச் சிறியது என்று பெயர் பெற்றது. போர் வருவதற்கு முந்தைய மாதமே, நூற்பு எந்திரங்கள் செய்த ஊரின் பெரிய தொழிற்சாலையான ஹோவர்ட் அண்ட் புல்லோவில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூலி நின்றுபோயிருந்தது. பஞ்சுத் தொழிலும் படுத்திருந்தது. அந்த நேரத்தில் மேயர் ஜான் ஹார்வுட் ஊரின் பெயரில் ஒரு பட்டாளம் தருவதாகப் போர் அமைச்சகத்துக்கு எழுதினார். செப்டம்பர் 14 அன்று பதிவு தொடங்கியது. முதல் மூன்று மணி நேரத்தில் 104 பேர். சோர்லி, பர்ன்லி, பிளாக்பர்ன் முதலான அக்கம்பக்கத்து ஊர்களும் கைகொடுக்க, பத்தே நாளில் ஆயிரம் பேர் நிறைந்துவிட்டார்கள். ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும் அதே வாரத்தில்தான்.

ஆக, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், மூன்று வேளை சாப்பாடு, பக்கத்தில் பழகிய முகம், ஊராரின் கைத்தட்டல் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆயிரம் பேரைக் கூட்டிவந்தன. வயதைக் கூட்டிச் சொன்ன பையன்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஆள் வந்தாயிற்று. வேறொன்றும் வரவில்லை.

காக்கித் துணி இல்லை. சாயத்துக்குப் பிரிட்டன் ஜெர்மனியையே நம்பியிருந்தது. போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. அஞ்சல் துறையின் கையிருப்பில் இருந்த நீலத் துணியை வாங்கிச் சீருடை தைத்தார்கள். ‘கிச்சனர் நீலம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. போட்டவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. தபால்காரர் என்றும் டிராம் கண்டக்டர் என்றும் தெருவில் பார்ப்பவர்கள் நினைத்துவிடுகிறார்களே என்ற வருத்தம். அதற்கும் முந்தைய வாரங்களில் பலர் தங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையே போட்டுக்கொண்டு கவாத்துக்கு வந்தார்கள். மழையில் அந்தக் கோட்டும் ஷூவும் கிழிந்தன. ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு இருந்தது அந்த ஒரு ஜோடி ஷூதான்.

துப்பாக்கி இல்லை. தச்சர்கள் மரத்தில் செதுக்கிக் கொடுத்ததை வைத்தும், அது கிடைக்காத இடத்தில் துடைப்பக் கட்டையை வைத்தும் தோளில் சாத்துவது, கீழே இறக்குவது, குறி பார்ப்பது எல்லாம் நடந்தன. பிறகு தென்னாப்பிரிக்கப் போர்க் காலத்துப் பழைய துப்பாக்கிகள் பத்துப் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தன. ஜப்பானிடமிருந்து வாங்கிய அரிசாக்காவும் வந்தது. போரில் சுடவேண்டிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைப் பல பட்டாளங்கள் கையில் பிடித்தது 1915 கோடையும் கடந்த பிறகுதான். பீரங்கிப் படைக்குச் சேர்ந்தவர்கள் சக்கரத்தின் மேல் மரத்துண்டைக் கட்டி அதைப் பீரங்கி என்று வைத்துக்கொண்டு பழகினார்கள். படங்களைப் பார்த்தால், துடைப்பக் கட்டையோடு நிற்கும் அந்த முகங்களில் வெட்கம் தெரியவில்லை. கற்றுக்கொள்ள வந்தவனின் நிமிர்வு தெரிகிறது. எனக்கு அந்தப் படங்கள்தான் இந்தப் பட்டாளத்தின் உண்மையான உருவம்.

கற்றுக்கொடுக்கவும் ஆள் இல்லை. நாட்டில் இருந்த தொழில்முறைச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஆகஸ்டிலேயே பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சார்ஜென்ட்டுகளைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தார்கள். சூடானிலும் தென்னாப்பிரிக்காவிலும் சண்டை போட்டவர்கள் அவர்கள். நரைத்த மீசை, நடுங்காத குரல். ஆக்ரிங்டன் பட்டாளத்தின் முதல் தளபதி கர்னல் ஷார்ப்பிள்ஸ் அறுபதைத் தாண்டிய உள்ளூர்ப் பெரியவர். இளம் அதிகாரிகள் மேயர் கைகாட்டிய உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைகள். இரவில் கவாத்துப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் காலையில் அதையே சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. ஆசிரியனும் மாணவனும் ஒரே வகுப்பில் இருந்தார்கள்.

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. விடுமுறைக்கு இங்கிலாந்து வந்திருந்த இந்தியப் படை அதிகாரிகள் சுமார் 500 பேரைத் திரும்பிப் போகவிடாமல் நிறுத்தி, தன் புதிய படைக்குப் பயிற்சியாளர்களாக்கினார் கிச்சனர். அதே செப்டம்பர் கடைசியில் இந்தியச் சிப்பாய்கள் மார்சேய் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பிரான்சின் குளிரில், முதல் சில வாரச் சண்டைகளில், அவர்களை நடத்திய அதிகாரிகள் வரிசையாக விழுந்தார்கள். அந்த இடத்துக்குச் சிப்பாயின் மொழி தெரிந்த அதிகாரிகள் கிடைக்காமல் அந்தப் படை திணறியது. லங்காஷயர் பையன் கவாத்து கற்றதற்குக் கட்வாலிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் போன சிப்பாய் கொடுத்த விலையும் இருக்கிறது. சேக்காளிப் பட்டாளத்தின் கதையில் இதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பயிற்சி என்று எதைத்தான் கற்றார்கள்? முதலில் நிற்க. பிறகு திரும்ப. பிறகு நான்கு நான்கு பேராக நடக்க. பொழுது விடிகையில் எக்காளம், வெறும் வயிற்றில் உடற்பயிற்சி, காலைச் சாப்பாட்டுக்குப் பின் கவாத்து, பகலில் நெடுநடை. ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு என்ற கணக்கில் நாளுக்குப் பதினைந்து, இருபது மைல். வாரங்கள் போகப்போக முதுகுப் பையின் பாரம் கூடும். முகாமுக்குத் திரும்பியதும் அதிகாரி வந்து ஒவ்வொருவன் காலையும் குனிந்து பார்ப்பார். கொப்புளத்தை மறைத்தவனுக்குத் தண்டனை. வைக்கோல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுத் துப்பாக்கி ஈட்டியால் குத்தப் பழக்கினார்கள். இரவில் சத்தமில்லாமல் நகர்வது, பதுங்குகுழி தோண்டுவது, குறிபார்த்துச் சுடுவது எல்லாம் பின்னால் வந்தன. சுரங்கத் தொழிலாளிக்குக் குழி தோண்டக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. குமாஸ்தாவுக்கு மண்வெட்டி பிடித்துக் கை பொத்துப்போனது.

ஷெஃபீல்டு பட்டாளம் பிராமல் லேன் கால்பந்து மைதானத்தில் கவாத்து பழகிவிட்டு, டிசம்பரில் ரெட்மயர்ஸ் என்ற காற்றடிக்கும் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. லீட்ஸ் பட்டாளம் கோல்ஸ்டர்டேல் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்டிய கூலியாட்களின் குடிசைகளில் தங்கியது. லிவர்பூல்காரர்களில் ஒரு பகுதிக்கு மூடிக்கிடந்த கடிகாரத் தொழிற்சாலை வீடானது. வேறு பல முகாம்களில் இலையுதிர்கால மழையில் கூடாரங்கள் மிதந்தன. சாப்பாடு மோசமென்று கவாத்துக்கு வர மறுத்தவர்களும் உண்டு. ஆலையில் சங்கம் வைத்துப் பழகியவர்கள் அல்லவா, முகாமிலும் கேட்டார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. தானாக வந்தவன் மரியாதையை எதிர்பார்த்தான்.

ஆனாலும் உடம்பு தேறியது. ஆலைத்தூசியிலும் அரைவயிற்றிலும் வளர்ந்த பையன்கள் சில மாதங்களில் எடை கூடினார்கள், நெஞ்சு விரிந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக வேளாவேளைக்கு இறைச்சி சாப்பிட்டவர்கள் அவர்களில் பலர். ஒரு நாட்டின் ஏழைக்கு நல்ல சாப்பாடும் நல்ல காற்றும் கிடைப்பதற்கு ஒரு போர் வரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

எடின்பரோவின் ஹார்ட்ஸ் கால்பந்து அணியின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1914 நவம்பரில் அந்த அணி ஸ்காட்லாந்து லீகில் முதலிடத்தில் இருந்தது. சர் ஜார்ஜ் மெக்ரே திரட்டிய பட்டாளத்தில் அணியின் வீரர்கள் ஒன்றுசேர்ந்து பெயர் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கவாத்தும் நெடுநடையும் செய்த அதே கால்கள் ஆட்டத்தையும் ஆடின. இரவெல்லாம் பயிற்சி நடை நடந்துவிட்டு மைதானத்தில் இறங்கிய நாட்களும் உண்டு. ஏப்ரலில் லீக் பட்டம் செல்டிக் அணிக்குப் போனது. போர் முடியும்போது ஹார்ட்ஸ் அணி ஏழு வீரர்களை இழந்திருந்தது.

இந்தப் பயிற்சியில் புத்தகத்தில் இல்லாத ஒன்று இருந்தது. வழக்கமான பட்டாளம் ஒருவனை அவன் ஊரிலிருந்து பிரித்தெடுத்து, பெயரை எண்ணாக்கி, பிறகுதான் சிப்பாயாக்கும். இங்கே ஊரே கூட வந்தது. உடை, உணவு, தங்குமிடம் ஆகியவற்றின் ஆரம்பச் செலவை உள்ளூர்க் குழுக்களே ஏற்றன. 1915-ல்தான் போர் அமைச்சகம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நிற்பவன் தன் அக்காள் கணவனாக இருக்கும்போது, நெடுநடையில் உட்கார்ந்துவிட ஒருவனுக்கும் மனம் வராது. சொன்ன சொல்லைக் கேட்கவைக்கத் தண்டனை குறைவாகவே தேவைப்பட்டது. வெட்கமும் பாசமும் அந்த வேலையைச் செய்தன. 1915 பிப்ரவரி 23 அன்று ஆக்ரிங்டன் பட்டாளம் வேல்ஸில் உள்ள கார்னார்வனுக்குப் பயிற்சிக்குக் கிளம்பியபோது தெருவின் இருபுறமும் பல ஆயிரம் பேர் நின்றார்கள். அங்கே ஒரு நிரந்தரப் படை அதிகாரியான ரிக்மன் பொறுப்பேற்றார். உண்மையான பயிற்சி அப்போதுதான் சூடுபிடித்தது. பிறகு ரூஜ்லி, ரிப்பன், சாலிஸ்பரி சமவெளி என்று முகாம் மாறி மாறி, டிசம்பரில் எகிப்துக்குக் கப்பலேறி, சூயஸ் கால்வாயைக் காவல் காத்து, 1916 மார்ச்சில் பிரான்சு வந்து சேர்ந்தார்கள்.

போர் எல்லாரையும் அதுவரை காத்திருக்க விடவில்லை. 1914 டிசம்பர் 16 காலையில் ஜெர்மன் கப்பல்கள் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தைச் சுட்டன. டர்ஹாம் சேக்காளிகள் அங்கே காவலில் இருந்தார்கள். அவர்களில் தியோஃபிலஸ் ஜோன்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் கொல்லப்பட்டார். அந்தப் போரில் பிரிட்டன் மண்ணிலேயே எதிரியின் குண்டுக்கு இறந்த முதல் சிப்பாய் அவர். பட்டாளத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

இனி அந்தப் பயிற்சி எதைக் கற்றுத் தரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பழைய சார்ஜென்ட்டுகளுக்குத் தெரிந்தது திறந்த வெளிப் போர். முள்கம்பியையும் இயந்திரத் துப்பாக்கியையும் நேருக்கு நேர் பார்த்தவர்கள் பிரான்சில் இருந்தார்கள், அல்லது இறந்திருந்தார்கள். சிறு குழுவாகப் பிரிந்து, ஒரு பிரிவு சுட இன்னொரு பிரிவு ஓடி முன்னேறுவதற்கு, ஒவ்வொருவனுக்கும் சுயமாக முடிவெடுக்கும் பழக்கம் வேண்டும். அதற்குத் துப்பாக்கி வேண்டும், குண்டு வேண்டும், ஆண்டுகள் வேண்டும். முதல் பத்து மாதத்தைத் துடைப்பக் கட்டையோடும் பழைய துப்பாக்கியோடும் கழித்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மேலிடத்துக்கு இது தெரியும். சோம் தாக்குதலுக்குப் பொறுப்பான நான்காம் படை 1916 மே மாதம் வெளியிட்ட போர்முறைக் குறிப்புகளிலேயே, இந்தப் புதிய வீரர்கள் துல்லியமான உத்தரவுக்குப் பழகியவர்கள், எதிர்பாராத நிலையில் தடுமாறலாம் என்ற கவலை இருந்தது. நான்காம் படையின் தளபதி யார்? ஹென்றி ராலின்சன். சேக்காளிகளைச் சேர்த்து எடுக்கலாம் என்று 1914-ல் சொன்ன அதே மனிதர்.

1916 ஜூலை 1, சோம் போர்முனை. ஏழு நாட்களாகப் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் பொழியப்பட்டிருந்தன. எதிரியின் முள்கம்பி அறுந்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். செர் கிராமத்தின் எதிரே அது பெரும்பாலும் அறுபடவில்லை. ஆக்ரிங்டன், ஷெஃபீல்டு, பார்ன்ஸ்லி, லீட்ஸ், பிராட்ஃபோர்ட், டர்ஹாம் எல்லாரும் ஒரே டிவிஷனில் அடுத்தடுத்து. காலை 7.20-க்கு முதல் வரிசை வெளியே வந்து படுத்தது, 7.30-க்கு எழுந்து நடந்தது. கவாத்தில் கற்றபடி, இடைவெளி குலையாமல் நடந்தார்கள். ஆக்ரிங்டன் பட்டாளத்தில் தாக்குதலில் இறங்கியவர்கள் சுமார் 720 பேர். அரைமணி நேரத்தில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 584 பேர். ஒரு சிலர் செர் கிராமத்துக்குள்ளேயே நுழைந்தார்கள், அவர்கள் திரும்பவில்லை. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படை முழுவதிலும் 57,470 பேர் வீழ்ந்தார்கள், அதில் 19,240 பேர் இறந்தார்கள்.

ஊருக்குச் செய்தி உடனே வரவில்லை. பத்திரிகைகள் முன்னேற்றம் என்று எழுதின. காயமுற்றவர்களின் கடிதங்களும் வதந்திகளும் முந்திக்கொண்டு வந்தன. ஆக்ரிங்டனில் பெண்கள் திரண்டு மேயரின் வீட்டைச் சூழ்ந்து உண்மையைக் கேட்டார்கள். பிறகு வாரக்கணக்கில் உள்ளூர்ப் பத்திரிகையின் பக்கங்கள் இளைஞர்களின் படங்களால் நிறைந்தன. சேர்ந்தே இருக்கலாம் என்று கொடுத்த வாக்கு அட்சரம் பிசகாமல் நிறைவேறிவிட்டது. தெருவுக்குத் தெரு, அடுத்தடுத்த வீடுகளில், ஒரே வாரத்தில் சாவு.

ஆனால் அந்த நாளையே முழுக்கதையாக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அதே ஜூலை 1 அன்று, பிரிட்டிஷ் போர்முனையின் தென்கோடியில், லிவர்பூல், மான்செஸ்டர் சேக்காளிகள் மோந்தோபான் கிராமத்தைப் பிடித்தார்கள். அவர்களும் அதே துடைப்பக் கட்டையோடு கவாத்து தொடங்கியவர்கள்தாம். அங்கே பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கனரகப் பீரங்கிகள் இருந்தன, முள்கம்பி அறுந்திருந்தது. அரைகுறைப் பயிற்சியால்தான் செர்ரில் மாண்டார்கள் என்று சொல்பவர்களுக்கு மோந்தோபான் பதில். அறுபடாத முள்கம்பிக்கு முன்னால் எந்தப் பயிற்சியும் நிற்காது. திட்டம் போட்டவர்களின் பிழையைக் கற்றுக்கொண்டவர்களின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

சோமுக்கு முன்பே அந்தப் பட்டாளத்தின் வேர் அறுபடத் தொடங்கிவிட்டது. தானாக வருவோர் குறைந்தபோது, 1915 இலையுதிர்காலத்தில் ஆள்சேர்ப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் லார்ட் டெர்பியேதான். அவருடைய கடைசி முயற்சியும் போதாமல், 1916 ஜனவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நிறைவேறி மார்ச் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. ஜூன் 5 அன்று, ஓர்க்னி தீவுகளுக்கருகே கண்ணிவெடியில் மூழ்கிய ஹாம்ப்ஷயர் கப்பலோடு கிச்சனரும் போனார். செப்டம்பர் முதல் புதிதாக வருவோரைப் பொதுவான பயிற்சிப் படையில் சேர்த்து, ஆள் தேவைப்படும் பட்டாளத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எவன் எந்த ஊர் என்று பார்க்கவில்லை. ஆக்ரிங்டன் பட்டாளத்தின் காலியிடங்களில் வேறு ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். பயிற்சி முறையாகவும் கடுமையாகவும் ஆனது, ஆயுதம் தாராளமாகக் கிடைத்தது. போர்க்கலை என்று பார்த்தால் 1918-ன் பிரிட்டிஷ் சிப்பாய் 1916-ன் சிப்பாயைவிடத் தேர்ந்தவன். ஆனால் பக்கத்தில் நின்றவன் அவனுக்கு அந்நியன்.

1918 தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறையால் ஒவ்வொரு பிரிகேடிலும் நான்கு பட்டாளம் என்பதை மூன்றாகக் குறைத்தார்கள். வெட்டுக்கு முதலில் பலியானவை இந்த ஊர்ப் பட்டாளங்கள். ஷெஃபீல்டு பட்டாளமும் பிராட்ஃபோர்டின் இரண்டு பட்டாளங்களும் பிப்ரவரியில் கலைக்கப்பட்டன. ஹல்லின் நான்கில் இரண்டு போயின. பார்ன்ஸ்லியின் இரண்டும் ஒன்றாக இணைந்தன. எஞ்சியவர்களைப் பிற பட்டாளங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். ஆக்ரிங்டன் பட்டாளம் பெயரளவில் போர் முடியும்வரை இருந்தது.

நம் ஊர்களில் ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரே நடுகல் வைத்தது. பெயர், ஊர், யாருக்காக இறந்தான் என்பது கல்லில் இருக்கும். செர்ரில், அன்று அவர்கள் கிளம்பிய பதுங்குகுழியின் பள்ளம் இன்னும் தெரியும் தோப்பில், ஷெஃபீல்டு நகரத்தின் பெயரால் ஒரு நினைவுப் பூங்கா 1936 முதல் இருக்கிறது. ஆக்ரிங்டன்காரர்கள் 1991-ல் அதே இடத்தில், தங்கள் ஊர்ச் சூளையின் சிவப்புச் செங்கல்லைக் கொண்டுபோய் உடைந்த சுவர் வடிவில் ஒரு நினைவிடம் கட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் தியப்வால் நினைவு வளைவில், உடல் கிடைக்காதவர்களாக எழுபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

அந்தப் பட்டாளத்தில் நான் இழப்பாகக் கருதுவது ஒன்று உண்டு. ஓர் ஊர் தன் பிள்ளைகளின் படிப்பை, அது போர்ப் படிப்பாகவே இருந்தாலும், தன் கையில் எடுத்துச் சாப்பாடும் உடையும் கொடுத்து நடத்தியது. குமாஸ்தாவும் சுரங்கத் தொழிலாளியும் தறிக்காரனும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றார்கள். அடி உதையில்லாமல், ஒருவர் முகத்துக்கு ஒருவர் கட்டுப்பட்டு, பெரிய காரியம் ஒன்றைப் பழகிக்கொள்ள முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தப் பாசத்தை ஆள் பிடிக்கும் தூண்டிலாக ஒரு அரசு பயன்படுத்தியது. ஒரு தெருவின் ஆண்கள் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் என்ன நடக்கலாம் என்று 1914-ல் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் மறுபடியும் போர் அறிவித்தபோது, கட்டாய சேவைச் சட்டம் அன்றே நிறைவேறியது. தன் ஊரின் பெயரில் ஒரு பட்டாளம் திரட்டித் தாருங்கள் என்று அந்த முறை எந்த மேயரையும் அரசு கேட்கவில்லை. கேட்காதது சரி.